பெர்னடெற் கூட்டாத தோட்டம்

லண்டன் எட்மண்டனில் பெர்னடெற்றின் பின்வளவைப் பார்க்கிறவர்கள் முதலில் சொல்வது, "என்ன ஒரு துப்புரவு!" என்பதாகத்தான் இருந்தது. அங்கே ஒரு தோட்டம் இருக்கிறது, கோடையில் பயிற்றங்காய் தொங்குகிறது, பூசணி வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டை எட்டிப் பார்க்கிறது என்பதெல்லாம் இரண்டாவதாகத்தான் கண்ணில் படும். முதலில் படுவது தரை. புல்லை அடியோடு எடுத்துவிட்டு வெறும் மண்ணாக வைத்திருந்த அந்தத் தரையை அவள் ஒவ்வொரு காலையும் வேலைக்குப் போகுமுன் ஈர்க்கு விளக்குமாற்றால் கூட்டுவாள். ஈர்க்கு இழுத்த கோடுகள் சமையலறைக் கதவடியிலிருந்து வேலிவரை விசிறி விசிறியாக விரிந்து கிடக்கும். அதன்மேல் யாராவது நடந்தால் அவளுக்குப் பிடிக்காது. பூனை நடந்தாலும் பிடிக்காது.

இந்த நாட்டில் யாரும் மண்ணைக் கூட்டுவதில்லை என்று மகள் அனோஜினி பல தடவை எடுத்துச் சொல்லியிருக்கிறாள். பெர்னடெற் அதற்கு ஒரே பதில்தான் வைத்திருந்தாள்: "ஆக்கள் இருக்கிற வீடெண்டு தெரியவேணும்." மன்னாரில் வளவு கூட்டாமல் கிடந்தால் அந்த வீட்டில் யாருக்கோ கடும் நோய் வருத்தம் என்று ஊர் விசாரிக்க வந்துவிடும். எட்மண்டனில் அப்படி யாரும் விசாரிக்க வரமாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் வந்துவிட்டால்?

அவள் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் மேற்பார்வையாளர். முந்நூறு பிள்ளைகளுக்கு நேரம் தவறாமல் சோறு போடுகிறவள். குரல் அதற்கு ஏற்றது. அவளைப் பொறுமைசாலி என்று எதிரிகள்கூடச் சொன்னதில்லை. செப்டெம்பர் முடியும்போது தோட்டத்துச் செடிகொடி எல்லாவற்றையும் வேரோடு பிடுங்கி, கவுன்சில் தந்த பச்சைத் தொட்டிக்குள் அமுக்கி, பக்கத்து வீட்டு ஹசனின் சைக்கமோர் மரம் கொட்டுகிற இலைகளையும் அதன்மேல் திணித்து அனுப்பிவிடுவாள். பங்குனியில் காரை எடுத்துக்கொண்டு போய், யாரோ உக்கவைத்துப் பையில் கட்டிய இலையை வாங்கிக்கொண்டு வந்து அதே மண்ணில் கொட்டுவாள். இந்த வட்டத்தில் எங்கோ ஓர் அநியாயம் இருக்கிறது என்று அவளுக்கு ஒருபோதும் தோன்றவில்லை. நம்மில் பலருக்கும் தோன்றுவதில்லை.

கணவர் யாக்கோப்புக்கு அநியாயம் வேறிடத்தில் தெரிந்தது. ரயில் நிலைய வாசலில் நின்று டிக்கெட் பார்க்கிறவர் அவர். நாள் முழுக்கச் சீமெந்துத் தரையில் நின்று பழகியவர், வீட்டுக்கு வந்தால் சேறு. காலுறையில் சேறு, கம்பளத்தில் சேறு. அவருடைய நண்பர் கிருஷ்ணராசா வளவுகளுக்குக் கல் பதிக்கிறவர். எட்மண்டனிலிருந்து வெம்பிளி வரையுள்ள தமிழ்ப் பின்வளவுகளில் பாதியைத் தட்டையாக்கிய பெருமை அவருக்கு உண்டு. கிருஷ்ணராசா கால் வைத்த வளவில் அதற்குப் பிறகு புல் கால் வைத்ததில்லை.

செப்டெம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணராசா சாப்பிட வந்திருந்தார். கை கழுவிவிட்டுச் சன்னலால் வளவைப் பார்த்தார்.

"அக்கா, கல்லுப் போட்டால் ஒரு கரைச்சலும் இல்லை. மழை பெய்யும், கழுவிக்கொண்டு போகும். நீங்கள் கூட்டவும் தேவையில்லை."

தொழிலில் இருபது வருட அனுபவம் உள்ளவர் செய்யக்கூடாத பிழை அது.

"தம்பி, நான் கூட்டுறது எனக்குக் கரைச்சலெண்டு உமக்கு ஆர் சொன்னது?"

"அவருக்கு ஒருத்தரும் சொல்லேல்லை," என்றார் யாக்கோப்பு. "கரைச்சல் எனக்குத்தான். இஞ்சேரும், கோடையில நாலு மாசம் தோட்டம், ஓம், நானும் சாப்பிடுறனான். மிச்சம் எட்டு மாசம்? சேறு. அந்தச் சேத்தில எனக்கொரு பிரயோசனம் காட்டும் பாப்பம்."

"மரக்கறி வரும்."

"குளிருக்கையோ?"

"ஓம், குளிருக்கைதான்."

அவள் அதுவரை குளிர்காலத்தில் ஒரு கறிவேப்பிலைக் கன்றை வரவேற்பறைக்குள் காப்பாற்றியதைத் தவிர வேறெதுவும் வளர்த்தவளல்ல. ஆனால் வாய் முந்திவிட்டது. முந்திய வாய் நிற்கவும் இல்லை.

"தவக்காலத்து முதல் வெள்ளிக்கிழமை எங்கட வீட்டு முறை. அண்டைக்குக் கஞ்சிக்குப் போடுற இலை முழுக்க இந்த வளவில ஆய்ஞ்சதாய் இருக்கும். கடையால ஒரு இலை வராது. வந்தால், அடுத்த நாளே இவர் வந்து கல்லைப் போடட்டும். நான் வாய் துறக்கமாட்டன்."

உயிர்ப்பு விழாவுக்கு முந்திய நாற்பது நாள் தவக்காலத்தில், வெள்ளிக்கிழமைகளில், அவர்களுடைய கத்தோலிக்கக் கோயில் பங்கின் தமிழ்ச் செபக்குழு ஒவ்வொரு வீடாகக் கூடும். சிலுவைப்பாதைச் செபம் முடிய இலைக்கஞ்சி. அரிசி, தேங்காய்ப்பால், உள்ளி, மிளகு, அதற்குள் அரைத்து விட்ட பச்சை இலை. நாற்பது பேருக்குக் குறையாது. கஞ்சி என்பது ஒறுத்தலுக்காக. ஆனால் இரண்டாவது கோப்பை கேட்காதவரை அந்தக் குழுவில் யாரும் கண்டதில்லை.

"அம்மா, தட்ஸ் இன் ஃபெப்ரவரி," என்றாள் அனோஜினி.

"எனக்கு மாசம் தெரியும்."

யாக்கோப்பு கையை நீட்டினார். கிருஷ்ணராசா சாட்சி. தானே நடுவர் என்றும் சொல்லிக்கொண்டார். பெர்னடெற் தோற்றால் வேலை அவருக்கு என்பதை அங்கிருந்த எல்லோரும் அறிவார்கள். அதைக் குறையாக எடுத்துக்கொள்ள யாருக்கும் தோன்றவில்லை. அடுத்த ஞாயிறு பூசைக்குள் பங்கு முழுக்கக் கதை தெரிந்துவிட்டது. சைவக்காரரான கிருஷ்ணராசாவின் வாடிக்கையாளர் மூலமாக இந்துக் கோயில் பக்கத்துக்கும் தெரிந்துவிட்டது.

பிறகுதான் அவளுக்குப் பயம் வந்தது. பயம் வந்தால் அவளுக்குக் கை ஓடும். சமையலறை அலுமாரியைத் திறந்து கறிக்குப் போடுகிற கடுகை எடுத்து ஒரு பாத்தியில் தூவினாள். மல்லியைச் செருப்பால் தேய்த்து உடைத்து இன்னொன்றில் தூவினாள். உள்ளியைப் பல்லுப் பல்லாகப் பிரித்து ஊன்றினாள். பசளிக்கீரை என்று நாம் சமாதானப்பட்டுக்கொள்கிற இங்கிலீஷ் ஸ்பினாச் விதை மட்டும் கடையில் வாங்கியது. கருங்கடல் பக்கத்துக்காரரான ஹசன், தன் வீட்டார் வருடம் முழுக்கச் சாப்பிடுகிற கேல் கீரை நாற்றுகளில் ஒரு தட்டு நிறைய வேலிக்கு மேலால் தந்தார். கோடையில் அவர் பக்கம் எட்டிப் பார்த்த பூசணிகளுக்கான கைமாறு.

எல்லாம் முளைத்தன. முளைத்ததைக் கண்ட உற்சாகத்தில் அவள் இன்னும் நன்றாகக் கூட்டினாள்.

சைக்கமோர் இலை கொட்டத் தொடங்கியது. இரவு கொட்டியதைக் காலையில் கூட்டினாள். வேலையால் வந்து மாலையில் கூட்டினாள். பாத்திகளை மட்டும் விடுவானேன் என்று விளக்குமாற்றின் நுனியால், குழந்தைக்குத் தலை வாருவதுபோல, நாற்றுகளுக்கு இடையிலும் வாரினாள். "மன்னியுங்கோ, என்ர மரம்," என்று ஹசன் ஒவ்வொரு வருடமும் கேட்கிற மன்னிப்பை இந்த வருடமும் தன் இங்கிலீஷில் கேட்டார். அவளும் ஒவ்வொரு வருடமும் சொல்வதுபோல, "நோ ப்ரொப்ளம்," என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

ஒக்டோபர் மழை வெறும் மண்ணில் நேரே விழுந்தது. லண்டன் களிமண்ணுக்கு ஒரு குணம். நனைந்தால் பசை, காய்ந்தால் ஓடு. கூட்டிக் கூட்டி மேல்மண் போய்விட்ட பாத்திகளில் தண்ணீர் கண்ணாடிபோல் நின்றது. கடுகு மஞ்சளானது. ஸ்பினாச் கழுத்தடியில் அழுகிச் சாய்ந்தது. ஹசன் தந்த கேல், தந்த நாளில் இருந்த அதே உயரத்தில், விருந்தாளிபோல உட்கார்ந்திருந்தது. யாக்கோப்பு ஒவ்வொரு காலையும் தேத்தண்ணிக் கோப்பையோடு சன்னலுக்கு வருவார். அந்த மழைக்காலம் முழுவதும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது.

"இஞ்சேரும், இண்டைக்கு எத்தினை இலை?"

"நாப்பது பேருக்குக் காணாது. உங்களுக்குக் காணும்."

"நான் கல்லுக்கு நிறம் பாக்கிறன். சாம்பலோ, மண் நிறமோ?"

"உங்கட முகத்துக்குச் சாம்பல்தான் பொருத்தம்."

பதிலுக்குக் குறைவில்லை. இலைக்குத்தான் குறைவு.

நவம்பரில் ஒரு ஈரக் காலை அது நடந்தது. கூட்டிக் கூட்டி வழுவழுவென்று கிடந்த அந்தக் களிமண் தரையில், கூட்டிக்கொண்டிருந்தபோதே வழுக்கி விழுந்தாள். கையை ஊன்றினாள். வலது மணிக்கட்டு உடைந்தது. ஒரு தூசி துரும்பு இல்லாத இடத்தில் மனிதர் இடறி விழ முடியும் என்பதை அம்புலன்ஸில் போகும்போதும் அவளால் நம்ப முடியவில்லை. அன்று மழைக்கு முன் ஹசனின் இலைகளை ஒதுக்காமல் விட்டிருந்தால் காலுக்குப் பிடி கிடைத்திருக்கும்.

முழங்கைவரை கட்டுப் போட்டு அனுப்பினார்கள். எதையும் தூக்கக்கூடாது, பிடிக்கக்கூடாது. வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "வளவை ஆர் கூட்டுறது?"

"எனக்கு ஷிப்ட்," என்றார் யாக்கோப்பு.

"அம்மா, நோபடி ஸ்வீப்ஸ் மட்," என்றாள் அனோஜினி.

யாக்கோப்பின் மறுப்பில் ஷிப்டைவிட ஆழமான காரணங்கள் இருந்தன. கல்யாணம் கட்டிய நாளிலிருந்து அவர் விளக்குமாறு தொட்டதில்லை. அந்தச் சாதனையை இப்போது கெடுத்துக்கொள்ள விரும்பவில்லை. அதோடு, இலைகள் வந்து பாத்திகளை மூடிப் புதைத்துவிட்டால் பந்தயம் தானாக முடிந்துவிடும். ஒன்றுமே செய்யாமல் வெல்லக்கூடிய ஒரு வாய்ப்பு ஒரு கணவருக்கு எத்தனை முறை கிடைக்கும்? அவர் தேத்தண்ணியைக் குடித்தார். இலை கொட்டியது.

பெர்னடெற் சமையலறைச் சன்னல் திரையை இறக்கிவிட்டாள். பார்க்க அவளுக்கு வெட்கமாக இருந்தது. நலம் விசாரிக்க வந்த செபக்குழுப் பெண்களை முன்னறையிலேயே இருத்தித் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினாள். குழுவின் தலைவி டொலறஸ் எழுந்து, "வளவு எப்பிடிக் கிடக்கு, பாப்பமே?" என்று பின்பக்கம் நடக்கப் பார்த்தபோது கட்டுப் போட்ட கையைக் குறுக்கே நீட்டி மறித்துவிட்டாள்.

நத்தாருக்கு, அதாவது கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு, கொஞ்சம் முன்னதாகக் கையின் மாவுக்கட்டை வெட்டி எடுத்தார்கள். விருந்தினர் வருகிற காலம். வளவு அந்தக் கோலத்தில் கிடக்கலாமா? மறுநாளே வெளியே போனாள். வலது கைக்கு இன்னும் விளக்குமாறு பிடிக்க ஏலாது. குனிந்து இடது கையால் உள்ளிப் பாத்தியிலிருந்து இலைகளை அள்ளினாள். மேலே காய்ந்தவை, கீழே ஈரமானவை, அதற்கும் கீழே இலையென்று சொல்ல முடியாத கறுப்பு. அந்தக் கறுப்பைத் துளைத்துக்கொண்டு உள்ளி முளைகள் விரல் உயரத்தில் பச்சையாக நின்றன.

அவள் மண்ணில் விரலை வைத்தாள். விரல் உள்ளே போனது. அந்த வளவில் விரல் உள்ளே போவது அதுவே முதல் தடவை. மண்புழு ஒன்று நெளிந்து மறைந்தது. பக்கத்துப் பாத்திக்குப் போய் இலையை விலக்கினாள். அழுகியது போக எஞ்சிய ஸ்பினாச் கொழுத்து, தரையோடு விரிந்து கிடந்தது. கேல் புதுக் குருத்து விட்டிருந்தது. பிறகு கதவடிக்கு வந்தாள். அங்கே காற்று இலையைத் தங்கவிடுவதில்லை. அவள் கூட்டியதுபோலவே துப்புரவாகக் கிடந்தது. அங்கிருந்த கடுகு ஒன்றுகூட இல்லை. மண்ணில் பாசி. விரலால் குத்தினாள். நகம்தான் நொந்தது.

கவிழ்த்து வைத்த வாளியில் குந்தி வெகுநேரம் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தாள். இத்தனை வருடமாக அந்த மண்ணைப் பட்டினி போட்டது யாரென்று கண்டுபிடிக்க அவ்வளவு நேரம் தேவையில்லை. அதை ஒத்துக்கொள்ளத்தான் தேவைப்பட்டது.

உள்ளே வந்து விளக்குமாற்றைப் படிக்குக் கீழிருந்த அலுமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினாள். "இந்த நத்தாருக்கு வளவு கூட்டிறேல்லை," என்றாள்.

யாக்கோப்பு பேப்பரை இறக்கினார். "கை நோகுதோ?"

"இல்லை. சுகமாயிட்டுது."

அவர் முகத்தில் முதல் தடவையாகக் கவலை தெரிந்தது.

ஒரு காரியத்தைப் பிழையென்று கண்டால் அதைவிட்டு மெதுவாக விலகுவது பெர்னடெற்றின் இயல்பல்ல. மற்றக் கரைக்கு ஓடிப்போய் நின்று கத்துவாள். வேலிக்குப் போய் ஹசனிடம், பையில் கட்டி வைத்திருக்கும் இலைகளையும் தரும்படி கேட்டாள். இவ்வளவு காலமும் அடக்கி வைத்த கோபம் ஏச்சாக வெளியே வருகிறது என்று நினைத்து அவர் மறுபடி மன்னிப்புக் கேட்டார். உண்மையாகவே வேண்டும் என்று விளக்குவதற்குள் அரை நாள் போய்விட்டது. கதவடியில் காற்று தூக்காதபடி மட்டைப்பெட்டிகளை விரித்து அதன்மேல் ஈர இலை போட்டாள். அதில் துளையிட்டு மறுபடி கடுகு. அரிசி கழுவின தண்ணீர், தேயிலைச் சக்கை, மரக்கறித் தோல் எல்லாம் பின்கதவால் போயின. பச்சைத் தொட்டி வெறுமையாக நின்றது. குப்பை அள்ள வந்தவர்கள் அந்த வீட்டில் ஆள் மாறிவிட்டதோ என்று நினைத்திருக்கக்கூடும்.

எல்லாம் சுகமாக நடந்தது என்று சொல்வதற்கில்லை. இலைக்கு அடியில் குளிர் காய்ந்த ஓடில்லாத நத்தைகள் மல்லியில் பெரும்பகுதியைத் தின்றுவிட்டன. அவள் மாலையில் டோர்ச் பிடித்து அவற்றைப் பொறுக்கி ஒரு போத்தலில் போட்டாள். கறுப்புக் குருவிகள் புழு தேடி இலைகளைக் கிளறிப் பாதையெங்கும் எறிந்தன. அந்தக் காட்சியைப் பார்த்துக்கொண்டு கையைக் கட்டி நிற்பது அவள் வாழ்நாளில் செய்த மிகப்பெரிய ஒறுத்தல். தாங்க முடியாமல் போனால் வீட்டுக்குள் வந்து, ஏற்கெனவே துப்புரவாக இருந்த மாடிப்படியை இன்னொரு தடவை கூட்டுவாள்.

தை மாதத்தில் உறைபனி வந்தது. வெள்ளையாய் மெல்லிய துணி ஒன்றால் செடிகளை மூடவேண்டும் என்று ஹசன் சொன்னார். மெல்லிய வெள்ளைத் துணி தமிழ் வீட்டில் எங்கே இருக்கும்? முன்னறைச் சன்னலில். தெருவுக்கும் குடும்பத்துக்கும் நடுவே வருடக்கணக்காக மானம் காத்த நெற் கேட்டின்களை, அதாவது வலைத்திரைகளை, கழற்றிக்கொண்டுபோய்க் கடுகுப் பாத்திக்கு மேலே விரித்தாள்.

"ரோட்டால போற சனமெல்லாம் நான் சாப்பிடுறதைப் பாக்குது," என்றார் யாக்கோப்பு.

"பாக்கட்டும். நீங்கள் நல்லாத்தானே சாப்பிடுறீங்கள்."

"கீரைக்குக் கேட்டின். மனிசனுக்கு இல்லை."

"மனிசனுக்குக் குளிரினால் உள்ளுக்க வரலாம். கீரைக்கு ஏலாதே."

தவக்காலம் நெருங்க டொலறஸ் தொலைபேசி எடுத்தாள். நல்ல மனுசி, உதவ நினைத்தால் பாவத்தையும் ஒரு கை பார்ப்பாள்.

"பெர்னடெற், காணாட்டிச் சொல்லும். நான் வெம்பிளிப் பக்கம் போறன். ரெண்டு கட்டுக் கீரை வாங்கி ஹாண்ட்பாக்குக்குள்ள வைச்சுக்கொண்டு வாறன். அரைச்சால் எந்த வளவெண்டு ஆருக்குத் தெரியும்?"

"டொலறஸ் அக்கா, தவக்காலத்தில களவோ?"

"களவில்லையடி. அயலுக்கு உதவி."

"வேண்டாம். தோத்தால் தோக்கிறன்."

தொலைபேசியை வைத்த பிறகு அவள் வளவுக்குப் போய் ஒவ்வொரு பாத்தியாகக் கண்ணால் அளந்தாள். நாற்பது கோப்பை. போதும்போலவும் இருந்தது, போதாதுபோலவும் இருந்தது.

தவக்காலம் தொடங்குகிற திருநீற்றுப் புதன் விடியற்காலை அந்தக் குளிர்காலத்தின் மிகக் கடுமையான உறைபனி இறங்கியது. பள்ளிக்கூட விடுமுறை, பெர்னடெற் வீட்டில்தான் இருந்தாள். வலைத்திரை பலகைபோல விறைத்திருந்தது. தூக்கிப் பார்த்தாள். கடுகு முழுக்க நிலத்தில் விழுந்து, கண்ணாடிபோல், கரும்பச்சையாக, வேகவைத்து எடுத்ததுபோலக் கிடந்தது. கேல் இலைகள் ஈரத்துணிபோலத் தண்டோடு ஒட்டித் தொங்கின. ஸ்பினாச் தரையோடு தரை. அவள் திரையை மறுபடி மூடினாள், முகத்தை மூடுவதுபோல.

யாக்கோப்பு சன்னலில் நின்று பார்த்தார். அன்று இலைக் கணக்குக் கேட்கவில்லை. "பாவம்," என்றார், உண்மையாகவே. பிறகு உள்ளே போய் கிருஷ்ணராசாவுக்குப் போன் அடித்தார். அனுதாபம் ஒரு பக்கம், அளவு எடுப்பது ஒரு பக்கம்.

பெர்னடெற் நடுப்பகல் பூசைக்குப் போனாள். நெற்றியில் சாம்பல் வாங்கினாள். "நீ மண்ணாயிருக்கிறாய்" என்று குருவானவர் சொன்னபோது அவளுக்கு நினைவு முழுக்கத் தன் பாத்திகள்தான். திரும்பி வந்தபோது பின்கதவு திறந்திருந்தது. வளவின் கடைசியில் கிருஷ்ணராசா அளவு நாடாவோடு நின்றார், பக்கத்தில் யாக்கோப்பு. நாடா சுருண்டபடியே இருந்தது. வெயில் அடித்தது.

"யாக்கோப்பண்ணை, எல்லாம் செத்துப்போச்செண்டெல்லே சொன்னீங்கள்?"

"காலமை செத்துத்தான் கிடந்தது. என்ர கண்ணால கண்டனான்."

"இப்ப எழும்பி நிக்குதே!"

நின்றது. கடுகு ஒவ்வோர் இலையாக நிமிர்ந்து, விளிம்பு சுருண்டு, கொழுகொழுவென்று நின்றது. கேல் கையை விரித்திருந்தது. குளிரில் தன்னைத் தளர்த்தி விழுவதும் வெயிலில் நீரேற்றி எழும்புவதும் இந்தச் செடிகளின் வழக்கம் என்பது அங்கிருந்த மூவரில் எவருக்கும் தெரியாது. அதனால் மூவரும் நெற்றியில் சாம்பல் உள்ளவள், இல்லாதவர்கள் என்ற வித்தியாசம் பாராமல் வாய் பிளந்து நின்றார்கள். திருநீற்றுப் புதனன்றே உயிர்ப்பைக் கொண்டாடுவது திருச்சபையின் ஒழுங்குக்கு மாறானது. பெர்னடெற் கொண்டாடினாள். இரண்டு கையையும் தட்டினாள், உடைந்து பொருந்திய கை உட்பட.

"தம்பி, அளந்திட்டீரோ?"

"இல்லை அக்கா."

"அப்ப வெள்ளிக்கிழமை வாரும். அகப்பையால அளப்பம்."

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவள் ஆயத் தொடங்கினாள். அனோஜினி வேலையிலிருந்து நேரத்தோடு வந்து, தன் கோட்டோடு பாத்தியில் இறங்கி, கேலின் அடியிலைகளை ஒடித்தாள். குருத்தை விடு, வெளியிலையை எடு என்று தாய் கத்த, "ஐ நோ, அம்மா, ஐ நோ," என்று மகள் திருப்பிக் கத்தினாள். கடுகு இலை ஒரு பாத்திரம், கேல் இரண்டு பாத்திரம், ஸ்பினாச் ஒன்று, உள்ளித் தாள் ஒரு கட்டு, நத்தைகள் மிச்சம் வைத்த மல்லி ஒரு பிடி. பள்ளிக்கூடத்திலிருந்து இரவல் வாங்கிய பெரிய பானையில் அரிசி குழைந்து கொண்டிருந்தது. இலையை அரைத்து விட்டபோது கஞ்சி பச்சையானது. பக்கத்து வீட்டு ஹசன் வேலிக்கு மேலால் மூக்கை நீட்டினார்.

சிலுவைப்பாதை அன்று வழமையைவிட வேகமாக நடந்ததாகச் சிலர் சொல்கிறார்கள். கடைசி நிலை முடிந்ததும் டொலறஸ் எழும்பிப் போய்க் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பார்த்தாள். குப்பைக் கூடையையும் கிளறினாள். கடைக் கீரையின் பிளாஸ்டிக் உறை ஒன்றாவது கிடைக்குமா என்று. இரண்டு கட்டு வாங்கித் தருகிறேன் என்றவளும் அவள்தான், இப்போது நீதிக்குக் காவலும் அவள்தான். ஒன்றும் கிடைக்கவில்லை. "சுத்தம்," என்று உரக்கச் சொன்னாள்.

முதல் கோப்பை நடுவருக்கு. கிருஷ்ணராசா ஊதினார், குடித்தார். கடுகு இலையின் காரம் மூக்குக்கு ஏறிக் கண்ணில் தண்ணீர் வந்தது. இரண்டாம் கோப்பைக்கு நீட்டினார். அதையும் முடித்தார்.

"தம்பி, தீர்ப்புச் சொல்லிப்போட்டுக் குடியும்," என்றாள் பெர்னடெற்.

"பொறுங்கோ அக்கா, விசாரணை முடியேல்லை."

வீடு சிரித்தது. மூன்றாவதைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினார்.

"யாக்கோப்பண்ணை, குறை நினைக்காதேங்கோ. நான் கல்லுக்காரன். ஒண்டும் வராத வளவுக்குத்தான் கல்லு. இது மாசியில நாப்பது பேருக்குக் கஞ்சி போடுற வளவு. இதில கல்லுப் பதிச்சால் எனக்குக் கை விளங்காது."

நாற்பது பேரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். பாதிப்பேர் கைத்தொலைபேசி வெளிச்சத்தோடு வளவுக்குப் போனார்கள். மற்றப் பாதிப்பேர் வாசலில் அகப்பட்ட யாருடைய சப்பாத்துகளையோ போட்டுக்கொண்டு பின்னால் போனார்கள். இலைக்குள் கால் புதைய நின்று, கேட்டின் போர்த்துப் படுத்திருக்கும் கடுகைப் பார்த்தார்கள். விதை கேட்டவர்களுக்கு, "உங்கட கறிப்போத்தலுக்க கிடக்கு," என்று பெர்னடெற் பள்ளிக்கூடக் குரலில் அறிவித்தாள். யாக்கோப்பு யாரோ ஒருவருக்கு, இலையை ஏன் கூட்டக்கூடாது என்று விளக்கிக்கொண்டிருந்தார். "நவம்பர் முழுக்க நான் ஒரு இலையைத் தொடேல்லை," என்று அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அவள் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். மறுக்கவில்லை; வென்றவர்களுக்கு அதற்கெல்லாம் நேரமில்லை.

அவளுக்கு வேறு யோசனை ஓடியது. கிருஷ்ணராசா கோட்டைப் போட்டுக்கொண்டு முன்வாசலால் வெளியேறியபோது பின்னாலேயே போனாள். முன்வளவு, கார் நிறுத்துவதற்காக வீடு வாங்கிய காலத்திலேயே கல் பதித்தது. பதித்தவர் அவரே.

"தம்பி, இந்தப் பக்கத்துக் கல்லைக் கிளப்ப எவ்வளவு நேரம் பிடிக்கும்?"

"கிளப்பவோ? அக்கா, நான் பதிக்கிறனான். கிளப்பினதில்லை."

"நானும்தான் குளிருக்க ஒண்டும் வளத்ததில்லை."

மறுநாட் சனிக்கிழமை கிருஷ்ணராசா கல் பெயர்க்கிற அலவாங்கோடு வந்தார். வேலியோரமாக ஒரு வரிசைக் கல் மட்டும், காருக்கு இடம் விட்டு, என்பது உடன்பாடு. யாக்கோப்பு கையுறை போட்டு மற்ற முனையில் நின்றார். முதல் கல் பெயர்ந்து எழும்பியபோது கீழே வெளிறிய மண் தெரிந்தது. பெர்னடெற் அதைக் கையில் எடுத்துப் பார்த்தாள், மணந்தாள்.

"இதில என்ன வைக்கப் போறீர்?" என்று யாக்கோப்பு கேட்டார்.

அவள் தெருவைப் பார்த்தாள். பக்கத்து வீடுகளின் கல் முற்றங்களையும், திரையில்லாத தன் சன்னலையும், மேலே மாசி வானத்தையும் பார்த்தாள்.

"வாழை," என்றாள்.

இரண்டு ஆண்களும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு கிருஷ்ணராசா அடுத்த கல்லுக்கு அடியில் அலவாங்கைச் செருகினார். இந்த முறை பந்தயம் பிடிக்க ஒருவரும் முன்வரவில்லை.